மூன்றாவது தேசியுஸ்

தேசியுஸ் என்றால் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த ரோமப் பேரரசன் என்று பரவலாக நிலவும் கருத்து முழுமையானதல்ல. அதை முதலில் திருத்திவிட வேண்டும். பரவலாக என்றால் தூத்துக்குடியில், கடலைப் பார்த்த ஒரு தெருவில், மாதா சிலை நிற்கும் கெபிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஏழெட்டு வீடுகளில். உலகத்தின் மற்ற பாகங்களில் தேசியுஸைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாருக்கும் கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியொரு பேரரசன் இருந்தான், மறுப்பதற்கில்லை. எல்லாரும் பழைய தெய்வங்களுக்குப் பலி கொடுத்துச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டான், பாப்பரசர் பபியான் அவன் காலத்தில்தான் உயிரை விட்டார், பிறகு அவனே ஒரு சண்டையில் சதுப்பு நிலத்தில் செத்தான். ஆனால் அவனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ரோமில் அந்தப் பெயரோடு மூன்று பேர் இருந்தார்கள். அப்பன், மகன், பேரன். மூன்று பேரும் பூப்லியுஸ் தேசியுஸ் மூஸ். ஓர் எழுத்து வித்தியாசம் கிடையாது. மூஸ் என்றால் எலி. ஏன் எலி என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கம் இல்லை. அப்பன் ஒரு போரில் தன் அணி பின்வாங்குவதைப் பார்த்துத் தன்னையே சாவுக்கு நேர்ந்துகொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் குதிரையை விட்டான். அவன் செத்தான், படை ஜெயித்தது. மகனும் இன்னொரு போரில் அதையே செய்தான். அவனும் செத்தான், படையும் ஜெயித்தது. பேரனைப் பற்றித்தான் தகராறு. இவ்வளவையும் தேசியுஸ் கல்தேரா யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவன், நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி நடையில், இரும்புக் கம்பியில் வரிசையாகக் கோத்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, எதிரே மூடியிருந்த கதவைப் பார்த்தபடி தனக்குத்தானே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது. கூப்பிட்டுக் கேட்பார்கள்: தம்பி இன்னாசிக்கு உங்கள் ஈரலில் பாதிக்கு மேல் கொடுக்க உங்களுக்கு மனப்பூர்வமான சம்மதமா? ஆமென்றால் வியாழக்கிழமை இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் படுக்கவைத்து அறுப்பார்கள். இல்லையென்றால் இன்னாசி இந்த வருஷக் கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டான்.

பக்கத்தில் தங்கச்சி பவுலின் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “சாப்பிடக் கூடாதுன்னா சொல்லியிருக்காவ?” என்றாள். அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றான். “பின்ன இந்தா, பாதி தின்னு. மூஞ்சியப் பாரு. ஈரலக் குடுக்கப் போறவன் மாதிரியா இருக்கு, ஈரலக் களவு குடுத்தவன் மாதிரில்லா இருக்கு.” அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். பன்னின் மேல்தோல் பிசுபிசுத்தது, டெட்டால் வாடையும் அதன் இனிப்பும் சேர்ந்து தொண்டையில் ஏறியது. நடையின் அந்தக் கோடியில் தொம்மை மாமா, அம்மாவோடு பிறந்தவர், வெள்ளைச் சட்டையும் கையில் ஜெபமாலையுமாக, முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகப் பேசினாலும் கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். “எங்க மருமகப்பிள்ளதான். மூணாவது தேசியுஸ். மத்த ரெண்டு பேரும் சும்மா சாகல பாத்துக்கிடுங்க.” அந்த ஆள் மரியாதையாகத் திரும்பி இவனைப் பார்த்தார், கடா எவ்வளவு தேறும் என்று பார்ப்பதுபோல. மத்த ரெண்டு பேரும். மாமா சொன்னது ரோமாபுரிக்காரர்களை அல்ல, தாத்தாவையும் அப்பாவையும். தாத்தாவுக்கு அந்தப் பெயரை வைத்தது இலத்தீன் கிறுக்குப் பிடித்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார். தன் சனங்களுக்காகச் செத்த வீரன் பெயர் என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த வீரன் என்று சொல்லாமல் அவரும் செத்துப்போனார். தாத்தா தன் மகனுக்கு அதே பெயரைக் கேட்டு நின்றபோது இருந்த சாமியார் நம்மூர்க்காரர், புனிதர்கள் வரலாறு தவிர வேறு படித்திராதவர். வேதத்தைப் பகைத்த ராசா பேரையா கேக்கிறீர், ஏரோது, யூதாஸ் எல்லாம் தீர்ந்துபோச்சா என்றார். தாத்தா அசரவில்லை. “அந்த ராசா வேற சாமி, எங்க ஆளு வேற.” யாரய்யா உம்ம ஆளு? “நாந்தான்.” கடைசியில் கோயிலில் பபியான் என்றும் வீட்டில் தேசியுஸ் என்றும் முடிவாயிற்று, கொன்றவன் பெயரும் செத்தவர் பெயரும் ஒரே பிள்ளை மேல், பரிகாரமாம். அப்பாவை அப்பாவின் அம்மா முதற்கொண்டு ஒருத்தரும் பபியான் என்று கூப்பிட்டதில்லை. மூன்றாவதாக இவன் பிறந்தபோது சண்டை போட எந்தச் சாமியாருக்கும் தெம்பில்லை. ஆனால் தெரு மறக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது பையன்கள் வழிமறித்து, ஏலே ராசா, என்னை ஒருக்கா சிங்கத்துக்குப் போடேன் என்பார்கள். அப்போதே திருத்தினான். ராசா வேற, நாங்க வேற. யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஈரல். அந்தச் சொல்லை நினைத்ததும் விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கம், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கனம். அங்கே வலி தெரியாது, ஈரலுக்கு உள்ளே நரம்பு கிடையாது என்று ஸ்கேன் டாக்டர் சொன்னார். அப்படியானால் இப்போது கனப்பது எது? கம்ப்யூட்டர் திரையில் அது சாம்பல் நிறத்தில், கார்த்திகை மாசத்து மேகம் ஒன்று திடலுக்கு மேலே நின்றுவிட்டதுபோல இருந்தது. “ரொம்ப அழகான லிவர் சார்,” என்றார் அந்த டாக்டர். நாற்பத்தாறு வருஷத்தில் அவனிடத்தில் இருக்கிற ஒன்றை யாராவது அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. திரையில் ஒரு கோடு இழுத்து, இது அவருக்கு, இது உங்களுக்கு என்றார். முதல் தேசியுஸுக்கும் இப்படித்தான். போருக்கு முந்தின பலியில், வெட்டின மிருகத்தின் ஈரலை எடுத்துக் குறி பார்ப்பார்கள்; அதில் ஒரு பாதி நமக்கு, மறு பாதி எதிரிக்கு என்று கணக்கு. படைக்குத் தலைவர்கள் இரண்டு பேர். குறி சொல்கிறவன் தேசியுஸுக்கு எடுத்த ஈரலைக் காட்டினான்: நம்முடையது என்று கொள்கிற பாதியில் தலைப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. மற்றவனுக்கு எடுத்த பலியில் எல்லாம் சுகம். அவனுக்கு நன்றாக வந்திருந்தால் சரிதான் என்றானாம் தேசியுஸ். எப்படி ஒரு மனுஷனால் அப்படிச் சொல்ல முடியும். அல்லது, சொன்னான் என்று யார் கேட்டார்கள். பக்கத்தில் நின்றவன் கேட்டிருக்கலாம், ஆனால் அந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவன் எதைக் கேட்பான், தன் ஈரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பான். மிச்சம் வளர்ந்துவிடும் என்று டாக்டர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சில மாசத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும், அதை அவனும் படித்தான், சரியாகத்தான் இருந்தது. சில நூறு பேரில் ஒருத்தர் மேசையிலோ அதற்குப் பிறகோ இறந்துவிடுவதுண்டு என்பதையும் படித்தான், அதுவும் சரியாகத்தான் இருந்தது. சில நூறு பேரில் ஒருத்தர். அந்த ஒருத்தருக்குப் பெயர் இல்லாமலா இருக்கும். நேற்று வார்டில் இன்னாசி கண்ணைத் திறந்தபோது வெள்ளை விழி மஞ்சள்கூட இல்லை, பழைய எண்ணெய் நிறம். வயிறு நீர்கோத்துப் போர்வையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கை மட்டும் சின்ன வயசில் போலவே சூடு. ஒரே பாயில் படுத்த காலத்தில் அந்தச் சூட்டை முதுகில் வாங்கிக்கொண்டேதான் இவன் தூங்குவான். “அண்ணே,” என்றான் இன்னாசி, நாக்கு குழறலாக. “உன் ஈரலு எனக்குள்ள வந்தா நானும் பொஸ்தகம் படிக்க ஆரம்பிச்சிருவேனோ?” ஆரம்பிச்சிரலாம் என்றான் இவன். “அதுக்குச் செத்தே போயிரலாம்ணே.” சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று. அவன் பெண்டாட்டி ஜெசிந்தா வாயைத் துடைத்துவிட்டாள். அவள் ரத்தம் சேரவில்லை. இன்னாசியுடையது துறைமுகத்தில் வேலை முடிந்து பதினைந்து வருஷம் தினசரி குடித்த ஈரல். யார் குடிக்கச் சொன்னது, என்று நினைத்தான், உடனே அப்படி நினைத்ததைப் பவுலின் கேட்டுவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தான். அவள் தன் போனில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்குக் கணக்குப் பரீட்சை, சின்னவனுக்குச் சளி, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள், புருஷன் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறானோ.

அப்பாவைக் கரைக்குக் கொண்டுவந்த அன்று இன்னாசிக்கு ஆறு வயசு, இவனுக்குப் பதினொன்று. வீட்டில் அத்தனை சனம், அத்தனை சத்தம், இன்னாசி ஒரு மிட்டாயைக் கேட்டு அழுதான், யாரோ கொடுத்தார்கள், பிரேதத்தின் பக்கத்தில் நின்று மிட்டாயைச் சப்பினான். தொம்மை மாமா கூட்டத்துக்குள் வந்து இவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். “இனி நீதாம்லே தேசியுஸ்.” விரலில் சுருட்டு வாடை. ரோமில் தன்னை நேர்ந்துகொள்கிறவன் தலையை முக்காடிட்டு, துணிக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டித் தன் மோவாயைத் தொட்டுக்கொண்டு, காலடியில் ஒரு ஈட்டியைப் போட்டு அதன் மேல் நின்று, பூசாரி சொல்லச்சொல்ல மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பல வருஷம் கழித்து நூலகத்தில் படித்தபோது இவன் மோவாயில் அந்த விரல்கள் வந்து உட்கார்ந்தன. இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. ஏன் மோவாய் என்று யாருக்கும் தெரியாது. எலிக்கு விளக்கம் இல்லாததுபோல இதற்கும் இல்லை. தாத்தா தோணித் தண்டல், தோணியை ஓட்டிப் போகிற தலைவர். கொழும்பிலிருந்து திரும்புகையில் தோணி உடைந்தது, சின்ன ஓடத்தில் ஆட்களை ஏற்றி அனுப்பிவிட்டுத் தாத்தா தோணியிலேயே நின்றுவிட்டார். அப்பா சங்கு குளிக்கிறவர். கூட இறங்கிய லெயோனின் கயிறு அடியில் பாறையில் மாட்டிக்கொண்டது, அப்பா இறங்கி அறுத்துவிட்டார், லெயோன் மேலே வந்தான், அப்பா வரவில்லை. இதுதான் சரித்திரம். தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவனுக்கு மட்டும் அதில் ஒரு இடத்தில் எப்போதும் துணி முள்ளில் மாட்டுவதுபோல மாட்டும். தாத்தா நின்றார் என்று சொன்னது யார்? ஓடத்தில் ஏறினவர்கள். அப்பா அறுத்துவிட்டார் என்று சொன்னது யார்? லெயோன். வேறு யார் சொல்ல முடியும். ஓடத்தில் இடமில்லாமல் போயிருக்கலாம். ஓடம் திரும்பி வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் போயிருக்கலாம், தாத்தா அந்தப் பக்கம் கையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். அடியில் மாட்டிக்கொண்டது அப்பாவின் கயிறாகவே இருந்திருக்கலாம். லெயோன் ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் நினைவுப் பூசைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து இருமுவார், சாமியாரைவிடச் சத்தமாக. முடிந்ததும் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கப்பன் தெய்வம்லே என்பார். ஒருதரம், கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தான். கேட்டு என்ன ஆகப் போகிறது. தன்னை நேர்ந்துகொண்டவர்களின் கதைகளையெல்லாம் பிழைத்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள், ரோமிலும் அப்படித்தான். செத்தவனுக்கு அந்தக் கடைசி நிமிஷத்தில் குதிரை மிரண்டதா, கடிவாளம் கைக்கு வரவில்லையா, திரும்ப நினைத்தானா, ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் குதிரை எந்தத் திசையில் போனது என்பது. இதையெல்லாம் மாமாவிடம் சொன்னால் படிச்ச திமிர் என்பார். இல்லை, அதைக்கூடச் சொல்லமாட்டார், சும்மா பார்ப்பார். உனக்கென்ன மாப்ள, பிள்ளையா குட்டியா, என்று போன மாசம் சொன்னபோது பார்த்தாரே, அந்த மாதிரி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிள்ளை இல்லாதவன், குடிக்காதவன், ரத்தம் ஒன்று, ஈரல் அழகு, பேர் தேசியுஸ். இதற்கு மேல் ஒரு ஆளிடம் என்ன எதிர்பார்ப்பது. ஒருத்தரும் அவனிடம் வந்து கொடுப்பாயா என்று கேட்கவில்லை. என்றைக்கு மதுரைக்குப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

கேட்டது ஒரே ஒருத்தர். நேற்று டாக்டர் மெஹருன்னிசா தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, “நான் உங்க தம்பிக்கு டாக்டர் இல்ல சார், உங்களுக்கு டாக்டர்,” என்றார். ஈரல் கொடுக்கிறவர்களின் பக்கம் நின்று பேச ஒரு ஆள் வேண்டும் என்பது விதியாம். “உண்மையிலேயே குடுக்கணும்னு நினைக்கிறீங்களா?” இவன், சரித்திர வாத்தியார் மேடம், நினைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவன் என்று எதையோ சொன்னான். அவர் சிரிக்கவில்லை. “நாளைக்கு உள்ள வந்து வேண்டாம்னு சொன்னீங்கன்னா, ஏன்னு நாங்க கேக்க மாட்டோம். வெளிய நான் வந்து, பித்தநாளம் சரியா அமையல, இவருகிட்டருந்து எடுக்க முடியாதுன்னு சொல்லிருவேன். உங்க வீட்டுல யாருக்கும் எப்பவும் தெரியாது.” மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஈரல் இருந்தது, திறந்து மூடக்கூடியது, அவர் அதை மூடி வைத்தார். அப்போதிலிருந்து ரோமாபுரியின் மூன்றாவது தேசியுஸ் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறான். அவன் எதிர்த்து நின்றது பிர்ருஸ் என்ற கிரேக்க ராசாவை. தேசியுஸ் வீட்டுப் பிள்ளை வருகிறான், அவனைக் கொன்றால் நம் படையையும் பாதாளத்துக்கு இழுத்துக்கொண்டு போவான் என்று ராசாவின் ஆட்களுக்கு உதறல் எடுத்தது. ராசா அவர்களுக்கு அடையாளம் சொல்லிக்கொடுத்தான்: இன்ன மாதிரி உடுத்தி வருவான், முக்காடிட்டிருப்பான், அவனை ஒன்றும் செய்யாதீர்கள், உயிரோடு பிடியுங்கள். தேசியுஸுக்கே ஆள் அனுப்பியும் சொன்னான், நீ நினைத்தது நடக்காது என்று. ஜெயிக்க எங்களுக்கு ஒருத்தனை நேர்ந்துவிட வேண்டிய தேவையே இல்லை என்று ரோமர்கள் பதில் அனுப்பினார்களாம். அந்தப் பதிலைச் சொல்கையில் தேசியுஸின் முகம் எப்படி இருந்திருக்கும். ஆறுதலா. வாழ்நாள் முழுக்க எல்லாரும் இவன் எப்போது சாவான் என்று மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, உன்னைக் கொல்லமாட்டோம் என்று முதலில் சொன்னவன் எதிரி. பிறகு என்ன ஆனது என்பதில்தான் தகராறு. அவனும் அப்பனையும் பாட்டனையும்போலச் செத்தான் என்று ஒரு கட்சி. சாகவில்லை என்று இன்னொன்று. பல வருஷம் கழித்து ஏதோ கலகத்தை அடக்கப் போனான் என்றுகூட ஒரு வரி இருக்கிறது, அது அவன்தானா, அதே பெயரில் வேறொருத்தனா, சொல்ல முடியாது. நேர்ந்துகொண்டு சாகாமல் திரும்பிவிட்டால் அதற்கும் விதி எழுதி வைத்திருந்தார்கள், அவர்கள் எதையும் விட்டுவைக்கிறவர்கள் இல்லை. நேர்ந்துவிடப்பட்டவன் சாதாரணச் சிப்பாயாக இருந்தால் ஏழடிக்குக் குறையாத பொம்மை ஒன்றைச் செய்து அவனுக்குப் பதிலாக மண்ணில் புதைக்க வேண்டும். தலைவனே தன்னை நேர்ந்துகொண்டு பிழைத்திருந்தால் பொம்மையெல்லாம் கிடையாது. அவன் இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். வீட்டிலோ வெளியிலோ எந்தத் தெய்வத்துக்கும் எதையும் படைக்க மட்டும் கூடாது, தொட்டது தீட்டாகிவிடும். அவ்வளவுதான் தண்டனை. அவ்வளவுதானா. முன்வரிசையில் உட்கார்ந்து இருமுகிற லெயோன் மாதிரி.

“கல்தேரா சார், வாங்க,” என்று கதவைத் திறந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். பவுலின் அவன் கையிலிருந்து பன்னை வாங்கிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். “யாரையும் மொறைக்காம பதில் சொல்லு, என்ன.” தொம்மை மாமா தூரத்திலிருந்தபடியே சிலுவை வரைந்தார். உள்ளே குளிர் அதிகம். நீள மேசைக்குப் பின்னால் நான்கு பேர், ஓரத்தில் டாக்டர் மெஹருன்னிசா, முக்காலியில் ஒரு கேமரா, அதில் சிவப்பாக ஒரு பொட்டு. நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேரைக் கேட்டார், சொன்னான். நோயாளிக்கு என்ன உறவு, சொன்னான். ஆபத்தை எல்லாம் எடுத்துச் சொன்னார்களா, சொன்னார்கள். “வீட்ல யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?” கேள்வியே சரியில்லை என்று தோன்றியது. கட்டாயப்படுத்தியவர்களில் இரண்டு பேர் கடலில் செத்தவர்கள், மூன்று பேர் கிறிஸ்துவுக்கு முந்தியவர்கள், ஒருவர் வெள்ளைக்காரச் சாமியார். வீட்ல யாராவது என்றால் யாருமில்லை. அதைத் திருத்திச் சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தான். முதலில் பேரரசனையும் மற்ற மூவரையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம் வரும் என்றுகூட நினைத்தான். “பயமா இருக்கு சார்,” என்றது வாய். குரல் அவனுடையதாக இல்லை, பதினொரு வயசுப் பையனுடையதுபோல மெலிந்திருந்தது. “செத்துப்போயிருவேன்னு பயமா இருக்கு.” யாரும் கோபப்படவில்லை. இவனைப் போல் பலரைப் பார்த்தவர்கள்தான் போலிருக்கிறது. பெரியவர் தலையசைத்தார், பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீரை நகர்த்தினாள், சிவப்புப் பொட்டு அணைந்தது. உடனே வெளியே போக வேண்டாம், கொஞ்ச நேரம் இருங்கள் என்று டாக்டர் மெஹருன்னிசா சொல்லிவிட்டு எழுந்து போனார். அவன் உட்கார்ந்திருந்தான். விலாவுக்குக் கீழே கனம் போய்விட்டது. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பது அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்ப் போய் வந்தது.

வெளியே வந்தபோது டாக்டர் சொல்லி முடித்திருந்தார். தொம்மை மாமா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த ஆகிருதிக்கு நாற்காலி பத்தவில்லை. இவனைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “நீ என்ன செய்வ மாப்ள. நீ வந்து நின்னுட்ட. உள்ள அமைப்பு சரியில்லன்னா நீயா பொறுப்பு.” முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா வார்டிலிருந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க குடுக்க வந்ததே போதும் அத்தான். அவுக கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.” அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தான். இழுத்துக்கொள்ளாவிட்டால் அவள் அழுதுகொண்டே இருப்பாள் என்றும் நினைத்தான். இரண்டுக்கும் நடுவில் கை அங்கேயே இருந்தது. பவுலின் மட்டும் அவன் பக்கம் வரவில்லை. டாக்டரின் முன்னால் போய் நின்றாள். “எனக்கும் அதே ரத்தந்தான் மேடம். ரெண்டு பிள்ள ஆபரேஷன்ல பெத்தவ குடுக்கலாமா?” டாக்டர் மெஹருன்னிசா ஒரு நொடி தேசியுஸைப் பார்த்தார். அவன் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். “டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்,” என்றார் டாக்டர்.

அன்று மதியமே பவுலினுக்கு ரத்தம் எடுத்தார்கள். இன்னும் சில நாள் அவள் மதுரையில் இருக்க வேண்டியிருந்ததால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி தேசியுஸைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.